இன்னும் ஆறு கிலோ

"அதே தொண்ணூத்தி ஒண்ணுதான்டா. இம்மி நகரல."

எடை மெஷினிலிருந்து இறங்கிய அமலராணி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தம்பி பிரிட்டோ குனிந்து, கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பவனைப் போல அந்த எண்ணைப் பார்த்தான்.

"ஏறலைல்ல? அதுவே பெரிய விஷயம்க்கா."

"அஞ்சு வாரமா இதைத்தான் சொல்ற."

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. நூற்றுப் பதினெட்டு கிலோவோடு மேஜையில் படுத்தவள் அவள். முதல் நான்கு மாதம் எடை மளமளவென்று இறங்கியது. அப்புறம் மெதுவானது. இப்போது அடம்பிடிக்கும் மாடுபோல நின்ற இடத்திலேயே நிற்கிறது. எண்பத்தைந்துக்குக் கீழே வந்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னும் ஆறு கிலோ.

"ரேஷன் கடையில ஊருக்கே அரிசி நிறுத்துப் போடுறேன். என் எடைய என்னால குறைக்க முடியல. நேத்து வரிசையில நின்னுக்கிட்டு சோலையம்மா கேக்குது, 'ஏன்டியம்மா, ஆபரேஷன் பண்ணியும் அப்படியேதான இருக்க'ன்னு. அம்புட்டுப் பேரு முன்னாடி."

"நீ என்ன சொன்ன?"

"உனக்குச் சீனி தீந்துபோச்சுன்னு சொல்லிட்டேன்."

பிரிட்டோ விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த நிமிடமே கண் கலங்கிவிட்டது.

"நான் திருட்டுத்தனமா எதையாச்சும் திங்கிறேன்னு நெனைக்கிறியாடா?"

"நெனைச்சேன். மச்சான்கிட்ட விசாரிச்சும் பாத்துட்டேன். அரை இட்லிக்கே மல்லுக்கட்டுறாளேன்னு அவர்தான் வருத்தப்படுறாரு."

"விளையாடாத. உனக்கு என் மேல கோவமே வரலையா?"

"எதுக்குக் கோவம்? உடம்பு செத்த நேரம் இளைப்பாறுது. தானா இறங்கும். அவசரமே இல்லக்கா, நீ மெதுவா வா."

அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அடுக்களைக்குப் போய், புரோட்டீன் பவுடரைக் கலக்கி எடுத்து வந்து, மடக்கு மடக்காகக் குடித்தாள்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். உணவு ஆலோசகர் ஃபர்ஹீன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாருக்கும் இப்படி ஒரு இடத்துல நிக்கும்க்கா. பயப்படாதீங்க. தட்டுல முதல்ல முட்டையும் பயறும் போகட்டும், இட்லி கடைசில. நடைய மட்டும் கொஞ்சம் கூட்டுங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து காலையில் நடை. மலைக்கோட்டைக்குப் போகும் சாலையில் அக்காவும் தம்பியும் சேர்ந்து கிளம்பினார்கள். நாலு கரண்டுக் கம்பம் தாண்டுவதற்குள் பிரிட்டோவுக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

"நீ நட. நான் ரவுண்டு எண்ணுறேன்."

அவள் வளைவுவரை போய்த் திரும்பும்போதெல்லாம், "மூணு! அமலராணி அபாரமான ஆட்டம்!" என்று வர்ணனையாளர் குரலில் கத்துவான். டீக்கடைக்காரர் கருப்பணனும் கையில் வடிகட்டியோடு சேர்ந்து கத்துவார். முதலில் கூச்சமாக இருந்தது. பத்து நாளில், அந்தக் குரல் கேட்பதற்காகவே அவள் வேகமாகத் திரும்பினாள். பிரிட்டோ மதுரைக்குப் போகும் நாட்களில் எண்ணுகிற வேலையைக் கருப்பணன் பார்த்துக்கொண்டார்.

எடை நின்றுபோன ஏழாவது வாரம் மெஷினில் முன்னூறு கிராம் குறைந்திருந்தது. முன்னூறே முன்னூறு கிராம்! பிரிட்டோ தெருவுக்கே கேட்கும்படி விசிலடித்தான்.

அப்புறம் ஒரு வாரம் இருநூறு, இன்னொரு வாரம் ஒன்றுமில்லை, அடுத்த வாரம் அரை கிலோ. ஜாக்கெட்டுகளை இரண்டாம் முறையாகப் பிடித்துத் தைத்தாள். சோலையம்மா ஒருநாள் வரிசையில் நின்று உற்றுப் பார்த்துவிட்டு, "யாருடி நீ, புதுசா வந்திருக்கியா?" என்று கேட்டது. அன்று அந்தக் கிழவிக்குச் சீனி தாராளமாக இருந்தது.

நான்கு மாதம் கழித்து, மதுரை ஆஸ்பத்திரியின் எடை மெஷினில் அமலராணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஏறினாள்.

"எண்பத்தி நாலு புள்ளி எட்டு" என்றாள் ஃபர்ஹீன். அவள் குரலிலேயே சிரிப்பு இருந்தது.

டாக்டரின் அறையில் அக்காவும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். டாக்டர் கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பிரமாதம்மா. ரத்த அழுத்தம், சர்க்கரை, எல்லாம் நல்லா இருக்கு. நின்ன எடைய விடாப்பிடியா இறக்கியிருக்கீங்க."

அமலராணி நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"அப்படின்னா, இப்ப என் கிட்னிய எடுத்து இவனுக்கு வைக்கலாம்ல டாக்டர்?"

"தாராளமா வைக்கலாம். மத்ததெல்லாம் போன வருஷமே பொருந்திருச்சே. உங்க எடை ஒண்ணுக்காகத்தான காத்துக்கிட்டு இருந்தோம்."

ஒன்றரை வருடமாக, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கையில் கிடந்துகொண்டே அக்காவுக்குத் தைரியம் சொல்லிவந்த பிரிட்டோ, முதல்முறையாகக் குரல் உடைந்து கேட்டான்: "எம்புட்டுச் சீக்கிரம் முடியும் டாக்டர்?"