எதை மறைக்க இந்த வாசனை?

"டிரம்ஸ் ஏதாவது வாசிப்பீங்களா?"

வாசற்படியில் நின்ற ஷெல்பி திகைத்தாள். வீடு பார்க்கப் போன எந்த இடத்திலும் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"இல்லீங்க. இவர் மட்டும் குளிக்கும்போது கொஞ்சம் பாடுவார்."

"பாடட்டும், பரவாயில்ல. நாய் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. வயசாயிடுச்சு. குரைக்கிறதுக்கே சோம்பல்படும்."

"பனி கொட்டினா நீங்களே அள்ளுவீங்களா, ஆள் வெப்பீங்களா?"

"நானேதான்" என்றான் அவள் கணவன் ரஸ்ஸல். "இப்ப அக்கா வீட்டுல இருக்கோம். அங்க பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் சேத்து நான்தான் அள்ளிப் போடுறேன்."

கதவில் சாய்ந்திருந்த அந்த அம்மாளுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். முகம் மலர்ந்து வழிவிட்டாள்.

"உள்ள வாங்க. என் பேரு லோரெய்ன். அந்தத் தரகர் டாரில் என்னிக்குமே நேரத்துக்கு வந்ததில்ல. நீங்க மாடியைப் பாத்துட்டு வாங்க. அதுக்குள்ள நான் அடுப்புல ஒண்ணு ஏத்துறேன்."

ஏழு மாதமாக விலைக்கு வீடு தேடுகிறார்கள். மூன்று வீடுகள் கைக்கு எட்டி நழுவிவிட்டன. அக்கா வீட்டுக் கார் ஷெட்டுக்கு மேலே இருந்த ஒற்றை அறையில்தான் குடித்தனம். ஷெல்பிக்கு ஜனவரியில் பிரசவம்.

மாடி அறைகள் காலியாகக் கிடந்தன. "சாமானெல்லாம் முன்னாடியே அனுப்பிட்டாங்க போல" என்றான் ரஸ்ஸல். ஷெல்பி சின்ன அறையின் ஜன்னலோரம் நின்றிருந்தாள். வெளியே மேப்பிள் மரம் இலையெல்லாம் செக்கச்செவேலென்று நின்றது.

"ரஸ், தொட்டிலை இங்க போடலாம்."

அப்போதுதான் மாடிப்படி வழியாக அந்த வாசனை ஏறி வந்தது. பட்டை, ஆரஞ்சு, கிராம்பு. ஷெல்பி கண்ணை மூடிக்கொண்டாள். ரஸ்ஸல் மூக்கைச் சுளித்தான்.

"ஆரம்பிச்சிட்டாங்க பாத்தியா?"

"என்னத்த?"

"மார்ச்ல ஒரு வீடு பாத்தோமே, கதவைத் திறந்ததுமே எலுமிச்சை வாசம். கம்பளத்தைத் தூக்கினா பூனை மூத்திரம்! நல்ல வீட்டுக்கு எதுக்கு வாசனை? ஏதோ ஒண்ணை மறைக்கிறாங்க."

"எல்லாத்துக்கும் சந்தேகம்!"

அவன் கேட்கவில்லை. அலமாரி அலமாரியாகத் தலையை விட்டு மோந்து பார்த்தான். குளியலறையில் மண்டியிட்டு, தண்ணீர்க் குழாய்க்கு அடியிலும் மோந்தான். பழைய மரத்தின் வாசம்தான் வந்தது.

சமையலறையில் லோரெய்ன் ஆப்பிள் தோலை ஒரு கை அள்ளிப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு வில்லைகள் ஏற்கெனவே மிதந்தன.

"குடிக்கிறதுக்கா?" என்றாள் ஷெல்பி.

"நமக்கில்ல, வீட்டுக்கு. தளதளன்னு கொதிக்க விடக் கூடாது. ஆவி மட்டும் லேசா வரணும். தண்ணி வத்த வத்த ஊத்திக்கிட்டே இருக்கணும். மறந்து தொலைச்சீங்கன்னா அடிப்பிடிச்சு, ஊரே ஓடி வரும்."

ரஸ்ஸலுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க. எந்த நாத்தத்தை மறைக்க இதெல்லாம்?"

"ரஸ்!" ஷெல்பி அவன் கையைக் கிள்ளினாள்.

லோரெய்ன் வாய்விட்டுச் சிரித்தாள். "கேக்குறதுல தப்பே இல்ல. டார்ச் எடுத்துட்டுப் போய் எங்க வேணா மோந்து பாருங்க. நிலவறையில ஏப்ரல் மாசம் கொஞ்சம் தண்ணி கசியும். பம்ப் இருக்கு. மேற்கு ஜன்னல் ஒண்ணு குளிர்காலத்துல திறக்காது. முப்பது வருஷமாப் பாக்குறேன், குறைன்னா அவ்வளவுதான்."

அவன் நிலவறைக்கு இறங்கினான். ஷெல்பி கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்க?"

"ஒரு பொம்பளை. தனியாத்தான் இருக்கா." லோரெய்ன் அகப்பையால் கிளறினாள். "எல்லாத்துலயும் மூக்கை நுழைப்பா. வாயும் ஜாஸ்தி. ஆனா ஒரு அவசரம்னா ஓடி வருவா. பச்சைக் குழந்தைன்னா உயிரையே விடுவா."

தலை நிறைய ஒட்டடையோடு ரஸ்ஸல் மேலே வந்தான்.

"என்ன கிடைச்சுது?" என்றாள் ஷெல்பி.

"ஒண்ணுமே கிடைக்கல. அதான் பயமா இருக்கு."

வெளியே கார் வந்து நின்றது. லோரெய்ன் கையைத் துடைத்துக்கொண்டாள். "டாரில் வந்தாச்சு. நீங்க பேசுங்க, நான் வரேன். தீயைக் கூட்டிடாதீங்க" என்று பின்கதவு வழியே போய்விட்டாள்.

டாரில் மூச்சு வாங்க உள்ளே வந்தார். இரண்டடி வைத்ததும் நின்றார். காற்றை ஆழமாக இழுத்தார்.

"அப்பாடா, பட்டை வாசனை!" என்று கத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "இன்னிக்கு இந்த வீடு முடிஞ்சிரும்!"

ரஸ்ஸல் முறைத்தான். "உண்மையைச் சொல்லுங்க. வீட்டுக்காரம்மா எதை மறைக்கிறாங்க?"

"வீட்டுக்காரம்மாவா? வீட்டுக்காரர் அரிசோனா போய் ஆறு மாசமாச்சு. சாவியை லோரெய்ன்கிட்ட குடுத்துட்டுப் போனார். அவங்க பக்கத்து வீடு" என்ற டாரில், அடுப்பை நன்றியோடு பார்த்தார். "இதுக்கு முன்னாடி வந்த நாலு குடும்பத்துக்கும் முட்டைக்கோஸைத்தான் நாற நாற வேக வெச்சாங்க."