லேசான தடியடி

அந்தக் காலத்துப் பத்திரிகையில் தடியடி என்றாலே அது லேசான தடியடிதான். மண்டையே உடைந்தாலும் "போலீசார் லேசான தடியடி நடத்தினர்" என்றுதான் செய்தி வரும். அந்த ஒரு வார்த்தை விட்டுப்போனால் செய்தி ஆசிரியர் ஆபீசையே இரண்டாக்கிவிடுவார்.

அவரே ஒரு நாள் ஃபோனில், "தம்பி, மார்க்கெட் தடியடி செய்தியில அந்த 'லேசான' வேண்டாம், எடுத்துடு" என்றதும் உதவி ஆசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன சார், என் வேலைக்கே உலை வைக்கிறீங்க? போலீஸ்ல அப்படித்தானே சொன்னாங்க?"

"நான் அங்கதான்பா நின்னுட்டிருந்தேன்."

"கூட்டத்துல நின்னவன் பேச்சைக் கேட்டு எழுதாதேன்னு சொன்னது யாரு சார்?"

"சரி, நான் சொன்னேன்னு மாத்து."

"ஃபோன்ல யார் சொன்னாலும் மாத்தக் கூடாது, உங்க கையெழுத்து வேணும்னு சட்டம் போட்டதும் நீங்கதான். ஒரு நடை வந்து உங்க கையாலேயே திருத்திட்டுப் போங்களேன். மெஷின் ஓடப்போகுது."



செய்தி ஆசிரியரின் காதில் தான் வைத்துப் பிடித்திருந்த ரிசீவரை நர்ஸ் எடுத்துக் கீழே வைத்தாள். அவருக்கு இரண்டு கையிலும் தோள்வரை மாவுக்கட்டு.

"ரொம்ப வலிக்குதா ஐயா?"

பழக்க தோஷம், வாயில் அதுதான் வந்தது.

"லேசா."