நடுச்சுவர்

விடியற்காலை பஸ்ஸில் பூம்புகாரிலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வந்த இர்ஃபானா, இருட்டாக்கப்பட்ட ஸ்கேன் அறையில் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் நிற்கிறாள். கட்டிலில் ஒன்றரை வயது மகள் சபிஹா, மார்பில் பட்ட குளிர்ந்த பசைக்குக் காலை உதைக்கிறாள். டாக்டர் மலர்க்கொடி கருவியை நகர்த்த, எலுமிச்சை அளவு இதயம் சாம்பல் நிறத்தில் சுருங்கி விரிகிறது. வால்வுகள் இமைகளாய்த் திறந்து மூடுகின்றன. கீழறைகளின் நடுச்சுவரில் பிறவியிலேயே ஓட்டை. சுத்தமாகி வந்த ரத்தத்தில் ஒரு பங்கு உடம்புக்குப் போகாமல் அதன் வழியே நுரையீரலுக்கே திரும்பிவிடும். போன முறை அங்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் நிறங்கள் தீப்பொறியாய்ச் சீறியதை இர்ஃபானா மறக்கவில்லை. இன்று சிவப்பும் நீலமும் சுவரைத் தாண்டாமல் ஓடுகின்றன. டாக்டர் கோணம் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்.

“எங்க டாக்டரம்மா அந்த ஓட்டை?”

“சதை வளந்து தானா மூடிடுச்சும்மா. ஆபரேஷன் வேண்டாம்.”

“அப்ப நல்ல ரத்தம் பூரா உடம்புக்கே போவுமா?”

“பூராவும் போவும்.”

சபிஹா வீறிட்டு அழத் தொடங்குகிறாள். அழுதால் மூச்சு வாங்குமே என்று பயந்து, இத்தனை நாளும் முதல் விசும்பலுக்கே ஓடி அள்ளிக்கொண்ட இர்ஃபானா, இப்போது கட்டில் கம்பியைப் பிடித்தபடி அந்த அழுகையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நிற்கிறாள்.