ஏற்கனவே ஒரு காவல்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சிற்றூரான கன்னமுல்லாவில் தனியாக இருந்த நோலீன், கணினித் திரையில் எது வந்தாலும் படிக்காமல் ‘சரி’யை அமுக்கிவிடுவாள். மூன்றாவது முறையாக வைரஸ் புகுந்ததும், பிரிஸ்பேனிலிருந்து மகள் டீகன் போனில் கத்தினாள்.

“கப்பல்ல ஓசிப் பயணம்னா உடனே அமுக்கிருவியே! இந்த இலவச ஆன்டிவைரஸையாவது ஒழுங்காப் போடு. நாய் ஏம்மா உறுமுது?”

“தினமும் இந்நேரத்துக்கு உறுமும். வெளிய யாருமில்ல.”

அதைப் போட ஆரம்பித்ததும் திரையில் ஒரு பெட்டி வந்தது. ‘சரி’யை அமுக்கிக்கொண்டே நோலீன் சத்தமாக வாசித்தாள்.

‘இங்கே ஏற்கனவே ஒரு காவல் இருக்கிறது. பதினோரு ஆண்டுகளில் தடுத்தவை: 4,018. இரண்டும் சேர்ந்து இயங்காது. பழையதை நீக்கவா?’

“கம்ப்யூட்டர் வாங்கியே ரெண்டு வருஷம்தானே ஆச்சு? அதுல எந்தக் காவலும் கிடையாதேம்மா!”

“எனக்கென்னடி தெரியும், அமுக்கிட்டேன்.”

உறுமல் நின்றது. பதினோரு வருஷத்துக்கு முன் குட்டியாக வந்த நாளிலிருந்து வாசற்படியை விட்டு அசையாத நாய் ரஸ்டி எழுந்து உடம்பை உதறியது. திரும்பிப் பாராமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

நோலீன் குழம்பிப்போய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றே இல்லை. கம்பிவலைக் கதவு கிரீச்சென்று திறந்து, மெல்லச் சாத்திக்கொண்டது.

“யாரும்மா உள்ள வந்தது?” என்றாள் டீகன்.