சாயங்கால மாத்திரை

ராஜகிரி மலையின் நிழல் கடைத்தெரு ஓடுகளில் இறங்கி, மல்லாட்டைக் கடலை மூட்டைகள் அடுக்கிய விருஷபதாஸின் வாசலைத் தொடுகிறது. வண்டிச் சக்கரம் ஏறிய காலை நீட்டி அவர் உட்கார்ந்திருக்கிறார். வேட்டிக்குக் கீழே வீங்கிய தோல் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கிறது. முழங்காலுக்குக் கீழே டாக்டர் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறார். வீக்கம் அதைத் தாண்டினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மனைவி ராஜமதி ஒரு கையில் சொம்பும் மறுகையில் சிவப்பு மாத்திரையுமாக நிற்கிறாள். வீக்கத்தைக் கரைக்கிற என்சைம் மாத்திரை. “பொழுது போயிடுச்சி. இனிமே வாயில தண்ணி படக்கூடாது. நாம ஜைனரு, அது உனக்குத் தெரியாதா?” என்கிறார் அவர். “மலைதாங்க மறைக்குது. அதோ, பனைமரத்து உச்சியில வெயில் இருக்குது பாருங்க. நேத்தும் இப்படித்தான் விட்டுட்டீங்க.” அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வியர்வையில் மாத்திரையின் சாயம் கசிந்து அவள் உள்ளங்கை ரேகைகளில் சிவப்பாக ஓடுகிறது. பனை உச்சியிலும் வெயில் அணைகிறது. “காலையாவது காட்டுங்க. கோடு எங்க இருக்குதுன்னு பாக்கறேன்.” “காலையில பாத்துக்கலாம்,” என்று அவர் வேட்டியைக் கீழே இழுக்கிறார். அதற்குள் அவள் பார்த்துவிடுகிறாள். கோட்டுக்கு மேலேயும் தோல் மினுமினுக்கிறது.