வஞ்சரம் வேண்டாம் என்றவர்

நாவலடிக்குப்பத்துக்கு வந்த அரசாங்க ஆள் எவரும் கையில் மீன் இல்லாமல் திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. ஓட்டர் லிஸ்ட் டீச்சர் முதல் கொசு மருந்து அடிக்க வந்தவர் வரை, போகும்போது ஒரு பை கனத்துக்கொண்டுதான் போகும்.

அதனால்தான் 2010, மார்ச் 31 மத்தியானம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிய அந்த மொட்டைத் தலை மனிதர், “மீனெல்லாம் வேணாம்மா” என்று சொன்னதும் ராசம்மாளுக்குச் சுருக்கென்றது.

“வஞ்சரம் சார். இப்பதான் கரைக்கு வந்துது.”

“நான் சைவம்மா.”

“அதனால இன்னா? போன தபா வந்த நர்ஸம்மாவும் சைவந்தான். பக்கத்து வூட்டுக்குன்னு வாங்கிட்டுப் போனாங்களே!”

அவர் சிரிக்கவில்லை. டீயும் வேண்டாம் என்றார். பையிலிருந்து ஒரு கட்டு பாரங்களை எடுத்தார்.

“என் பேரு நடனசபாபதி, துணைத் தாசில்தார். இலவச கேஸ் அடுப்புத் திட்டத்துல, வேற ஊருல ஆள் இல்லாம நாப்பது அடுப்புக்கான நிதி மிஞ்சிப் போச்சு. அத உங்க ஊருக்கு மாத்தலாம்னு உத்தரவு வாங்கியிருக்கேன். நாப்பது வீட்டுக் கையெழுத்தோட அஞ்சு மணிக்குள்ள நான் ஆபீஸ்ல இருக்கணும். இன்னைக்கு வருஷக் கடைசி. விட்டா பணம் கஜானாவுக்குத் திரும்பிப் போயிடும்.”

அடுப்புக்காக இரண்டு வருஷமாக மனு கொடுத்துக் கால் தேய்ந்தவள் ராசம்மாள். மருமகள் வெண்மதிக்கு இது எட்டாம் மாதம். சவுக்கு விறகுப் புகையில் இளைப்பு வந்து மூச்சுக்குத் தவிக்கிறாள். புகைப் பக்கமே போகக்கூடாது என்று பெரியாஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லிவிட்டார்கள்.

ஆனாலும் கை பேனாவைத் தொடவில்லை. போன வருஷம் இப்படித்தான் ஒருவன் ‘சும்மா ஒரு கையெழுத்து’ வாங்கிப்போய், மகளிர் குழு பேரில் பேங்கில் கடன் எடுத்துக்கொண்டு கம்பி நீட்டியிருந்தான்.

“செலவுக்கு எவ்ளோ சார் தரணும்?” என்று ஆழம் பார்த்தாள்.

“ஒரு பைசா வேணாம்.”

போச்சுடா! ராசம்மாள் நேராக ஊர்த் தலைவர் சிங்காரத்திடம் ஓடினாள்.

“மாமா, ஆளு சரியில்ல. மீனு வேணாங்கறான், காசு வேணாங்கறான். ஜீப்பு கூட இல்ல, பஸ்ல வந்திருக்கான்!”

சிங்காரம் வந்து அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். படத்தில் இருந்தவருக்குச் சுருட்டை முடியும் முறுக்கு மீசையும் இருந்தன.

“இது யாரு, உங்க தம்பியா?”

“நான்தாங்க. போன வாரம் திருப்பதி போயி மொட்ட போட்டேன்.”

“ஜீப்பு?”

“டீசல் போட நிதி இல்லைங்க.”

“நாப்பது அடுப்புக்கு நிதி இருக்குது, நாலு லிட்டர் டீசலுக்கு இல்லியா?” என்றார் சிங்காரம். கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அடுத்த நிமிஷம் நடனசபாபதியின் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு, வலை வைக்கிற அறையில் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். போலீசுக்கும் போன் போயிற்று. எல்லோரும் மந்திரி விழா பந்தோபஸ்துக்குப் போயிருப்பதாகவும் வரத் தாமதமாகும் என்றும் பதில் வந்தது.

“மூணு மணி ஆச்சும்மா, கதவத் தொறங்க” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “நாலாச்சும்மா. இப்ப பஸ் புடிச்சாக்கூடப் போயிடலாம்.”

“பாத்தியா, தப்பிக்கறதுலயே குறியா இருக்கான்!” என்றாள் ராசம்மாள்.

ஐந்து மணிக்குப் பிறகு குரலே வரவில்லை.

ஆறரைக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

“இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க? அசல் துணைத் தாசில்தார் இவரு! ஆளக் காணோம்னு அவுங்க ஆபீஸ்ல தேடிட்டு இருக்காங்க!”

நடனசபாபதி புகார் எதுவும் கொடுக்கவில்லை. வெற்றுப் பாரங்களைப் பையில் வைத்துக்கொண்டார். “நாப்பது அடுப்பும்மா...” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று ராசம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அடுப்படியிலிருந்து வெண்மதி இருமும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எட்டாம் நாள் ஒரு வெள்ளை ஜீப் வந்து நின்றது. நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் இறங்கினார். திரும்பிப் போன நிதியை மறுபடி வரவழைக்கும் ஸ்பெஷல் ஆபீசராம். வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் செலவாகுமாம்.

சூடு கண்ட ராசம்மாள் இந்தத் தடவை அவசரப்படவில்லை. உள்ளே போய் இரண்டு வஞ்சரத்தை எடுத்து வந்து நீட்டினாள்.

அவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு பெருசா போடும்மா. வூட்ல ஆளு ஜாஸ்தி” என்றார்.

ராசம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வெண்மதியின் பிரசவத்துக்கு முடிந்து வைத்திருந்ததிலிருந்து முதல் ஐந்நூறைக் கொடுத்தவள் அவள்தான். அவளைப் பார்த்து மற்ற முப்பத்தொன்பது வீடும் கொடுத்தது.

மே மாதம் அதே சப்-இன்ஸ்பெக்டர் புகாரை எழுதிக்கொண்டே, “ஆள் எப்படி இருந்தான், அடையாளம் சொல்லும்மா” என்று கேட்டார்.

“அச்சு அசல் கவர்மெண்டு ஆபீசர் மாதிரியே இருந்தான் சார்” என்று விம்மினாள் ராசம்மாள்.