சீல் வைக்க வந்தவர்

குற்றாலம் ரோட்டில் சாரல் விழுகிறது. உச்சிமாகாளியின் ஒர்க்ஷாப் சுவரில் இப்போதுதான் ஒட்டிய நோட்டீஸ் அதற்குள் ஊறி, ஒரு மூலை தொங்குகிறது. குடியிருப்புப் பகுதியில் வண்டி பழுதுபார்க்கக் கூடாதாம். தொழிற்பகுதிக்குப் போக வேண்டுமாம். பதினெட்டு வருஷமாக இங்கே ஸ்பானர் பிடிக்கிறவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது. பக்கத்து வீடுகளுக்கு வயது மூன்று. "தொழிற்பகுதின்னு நீங்க சொல்லுத பொட்டக்காட்டுக்கு ரோடே கிடையாது. மயிலுக்கா சார் ஆயில் மாத்தச் சொல்லுதீய?" சீல் வைக்க அரக்கும் துணியுமாக நிற்கும் நகராட்சி அதிகாரி, "ரூல் அப்படிய்யா. இன்னைக்கே பூட்டணும்" என்கிறார். பிறகு உள்ளே எட்டிப் பார்க்கிறார். அங்கே அவருடைய ஆபீஸ் ஜீப், இன்ஜின் இறக்கிய வயிற்றோடு கிடக்கிறது. அந்த ஆபீசுக்கு வேறு மெக்கானிக் தெரியாது. குரல் குழைகிறது: "அண்ணாச்சி, அதை மட்டும் மாட்டிக் குடுத்துருங்க. பொறவு சீல் வச்சுக்கிடுவோம்."

உச்சிமாகாளி கைக்கரியை நிதானமாகத் துடைக்கிறார். நோட்டீசில் 'உடனடியாக' என்ற சொல்லின்மேல் விரலை ஊன்றுகிறார், காகிதம் கிழிகிறது. "குடியிருப்புப் பகுதி சார். ஒரு நட்டு முறுக்குனாலும் குத்தம்லா?" இரண்டு கையாலும் ஷட்டரை இழுத்து விடுகிறார். தெருவே அதிர அது தரையில் இடிக்கிறது.

"வைங்க சீல."